நாற்பத்தொன்பதாவது சேனல்

காலை ஏழு மணிக்கு எங்கள் நெட். நெட் என்றால், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தினமும் ஒரே நேரத்தில் ஒரே சேனலில் கூடி, வருகை சொல்லி, நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிரிவது. திருச்சி, ஸ்ரீரங்கம், சுற்று ஊர்கள் எல்லாம் சேர்த்து நாங்கள் பதினொரு பேர். ஒன்பது வருடமாக அதை நடத்துகிறவன் நான். ஒவ்வொருவரையும் அவரவர் கால் சைன், அதாவது லைசென்ஸில் உள்ள அழைப்புக் குறி, சொல்லிக் கூப்பிட வேண்டும். சிக்னல் எப்படி வருகிறது என்று ஐந்துக்கு இத்தனை எனச் சொல்லிக் குறிக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவரும் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினேழு நோட்டுகள் நிரம்பிவிட்டன. பாலிடெக்னிக்கில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட முப்பத்தோரு வருடத்தில் கையெழுத்துக்கூட மாறாமல் பழகிய பழக்கம் அது. ஓய்வு பெற்றதும் எங்கே போகும்?

போன தீபாவளி கழிந்த எட்டாம் நாள் அந்தப் பச்சை விளக்கைக் கவனித்தேன். நெட் ஏழரைக்கு முடிந்துவிட்டது. கையடக்க ரேடியோ செட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பல் செட்டைக் கழுவப் போனேன். திரும்பி வந்தால் செட்டின் தலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் எதுவும் இல்லை. பச்சை எரிந்தால் ஏதோ ஓர் அலை வந்து விழுகிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் எரிந்தால் அந்த அலை எனக்கானது இல்லை, அல்லது அது அலையே இல்லை, வெறும் இரைச்சல். அணைந்தது. எரிந்தது. அணைந்தது. அன்று இருபத்தாறு நிமிடம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ரிப்பீட்டர் நகருக்குள் ஓர் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கிறது. நாங்கள் பேசுவதை வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்பும் கருவி. டிஜிட்டல் ஆனதால் ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு போகலாம். நேரத்தை முப்பது மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒன்று இவருக்கு, அடுத்தது அவருக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும். இந்தத் துண்டுவரிசைக்கு ஸ்லாட் என்று பெயர். முதல் ஸ்லாட்டில் நெட். இரண்டாவது ஸ்லாட்டை அவசரத்துக்கென்று காலியாக வைக்கச் சொன்னவன் நான். எல்லோரும் சரி என்றார்கள். அது என் நோட்டில் இருக்கிறது, பத்து கையெழுத்துகளுடன்.

மறுநாளும் எரிந்தது. அவசரச் சேனலுக்குத் திருகிக் கேட்டேன், மௌனம். மூன்றாம் நாள் நண்பருக்குப் போன் செய்தேன்.

நண்பர் ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் இருப்பவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கைங்கர்யக் குடும்பம். நானோ முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, உறையூரில் வீடு. இருபத்து நான்கு வருடத்துக்கு முன்பு ரேடியோ லைசென்ஸுக்கான மோர்ஸ் பரீட்சை எழுதுகிற இடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். அன்றிலிருந்து பழக்கம். இத்தனை வருடத்திலும் அவர் என்னை "சார்" என்பார். விளையாட்டுக்கு "தேவரீர்" என்பார். நான் அவரைச் "சாமி" என்பேன்.

அவருடைய செட் புது மாடல். எந்த ஸ்லாட்டில் யார் பேசினாலும் கேட்கும் வசதி அதில் உண்டு. என்னுடையதில் இல்லை. அதனால் பார்த்துச் சொல்லச் சொன்னேன். மறுநாள் சொன்னார், இரண்டு ஸ்லாட்டையும் போட்டுக் கேட்டுவிட்டாராம், ஒருவரும் இல்லையாம். உங்கள் தெருவில் இரைச்சல் கிளப்பும் எல்இடி போர்டு ஏதாவது புதிதாக மாட்டினார்களா என்று கேட்டார். மாட்டியிருந்தார்கள், ஒரு மருந்துக் கடைக்காரர். ஆனால் அந்தக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அப்படியானால் உங்கள் ஆன்டெனா இணைப்பில் நீர் இறங்கியிருக்கும், ஐப்பசி மழை அப்படி என்றார்.

அவர் சொன்னதை நான் நம்பினேன். நம்பிக்கை என்று தனியாக ஒரு காரியம் செய்யவில்லை. கடிகாரம் காட்டும் மணியை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். மொட்டை மாடிக்கு இருபத்திரண்டு படி. அங்கிருந்து ஆன்டெனா நிற்கும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற மூங்கில் ஏணி, பதினொரு கட்டை, அதில் ஒன்பதாவது கொஞ்சம் ஆடும். எனக்கு எழுபத்தோரு வயது, வலது முழங்காலில் தேய்மானம். மனைவி கீழேயிருந்து வேண்டாம் என்று இரண்டு முறை கத்தினாள். நண்பர் ஏணியின் அடியில் காலை ஊன்றி நின்றுகொண்டு, "அடியேன் பிடிச்சுக்கறேன், தேவரீர் தைரியமா ஏறுங்கோ. ஸ்வர்க்கத்துக்குப் போனாலும் கீழ ஆள் நிக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாவது கட்டையில் நின்றபடி சிரித்துவிட்டு மேலே ஏறினேன். இணைப்பைப் பிரித்தேன். நீர் இல்லை. இருந்தாலும் புது இணைப்பு போட்டேன், டேப் ஆறு சுற்று சுற்றினேன். இறங்கினேன். மறுநாள் காலை ஏழு முப்பத்து நாலுக்குப் பச்சை எரிந்தது.

அந்த மாதத்தில் அந்த ஏணியில் நான் ஆறு தடவை ஏறினேன். மூன்று தடவை அவர் பிடித்துக்கொண்டார்.

குறிப்பேட்டில் ஒரு புதுப் பத்தி போட்டேன். தேதி, எரிந்த நேரம், அணைந்த நேரம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் தினமும் "தெரியவில்லை" என்று எழுதினேன். அறுபத்து மூன்று "தெரியவில்லை" இருக்கின்றன. எண்ணியிருக்கிறேன்.

*

இந்தச் செட்டுகளுக்குள் சேனல்களை எழுதுவதற்கு மென்பொருள் வேண்டும். அலைவரிசை, ஸ்லாட், குழு எண், எத்தனை நேரம் பேசலாம் என்பதெல்லாம் சேர்ந்தது ஒரு சேனல். கணினியில் அவற்றைத் தட்டி, கேபிள் வழியே செட்டுக்குள் இறக்க வேண்டும். செட் செய்கிறவர்கள் கொடுக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். ஒரு மாடலுக்குக் கொடுத்தது அடுத்த மாடலை அறியாது. கடவுச்சொல் கேட்கும். கடைக்காரரிடம் கேட்டால் அதைத் தெரியாது என்பார். நம் காசில் வாங்கிய செட்டின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று நாமே பார்க்க முடியாது.

பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து நாலைந்து பேர் இதற்கு மாற்றாக ஒரு திறமூல மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த மாடலாக இருந்தாலும் ஒரே பட்டியல். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். எங்கள் மாடல் மட்டும் அதில் இல்லை. சேர்க்க வேண்டுமானால் செட்டின் நினைவகத்தில் எந்த இடத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, நானும் நண்பரும் அதைச் செய்தோம். முறை எளிது, பொறுமைதான் வேண்டும். செட்டில் ஒரே ஒரு விஷயத்தை மாற்ற வேண்டும். பிறகு முழுவதையும் வாசித்து, முன்பு வாசித்ததோடு ஒப்பிட்டு, எந்த எண் மாறியது என்று பார்க்க வேண்டும். ஒரு வாசிப்புக்கு ஒரு நிமிடம் நாற்பது வினாடி. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் அந்தப் பக்கம் செட்டோடு, நான் இந்தப் பக்கம் கணினியோடு. "வெளிச்சம் மூணுலேர்ந்து நாலு பண்ணிட்டேன்" என்பார். நான் எண்ணிச் சொல்வேன். சனி, ஞாயிறு மதியங்களில் ஏழு மாதம். நானூற்றுப் பன்னிரண்டு வாசிப்புகள். அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அந்த மென்பொருளில் உழைத்தவர்கள் பட்டியலில் இருபத்து மூன்றாவது என் கால் சைன், இருபத்து நாலாவது அவருடையது. பட்டியலைப் பார்த்த அன்று அவர் மனைவி அக்காரவடிசல் செய்து அனுப்பினார்.

பிறகு குழுவில் எல்லோருக்கும் அந்த மென்பொருளைக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். பாதிப் பேருக்கு அதை ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் நண்பர். இனி ஒருவரும் இன்னொருவர் தயவில் இருக்க வேண்டாம், அவரவர் செட்டை அவரவரே திறக்கலாம், மூடிய டப்பா என்று எதுவும் நம்மிடம் இருக்கக் கூடாது என்று நெட்டில் பேசினேன். இரண்டு நிமிடத்துக்குள்தான்.

நான் தனியாக ஒரு சின்ன வேண்டுகோளும் அந்த மென்பொருள்காரர்களுக்கு எழுதினேன். மொத்தம் எத்தனை சேனல்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையைத் திரையின் அடிவரியில் காட்டினால் நன்றாக இருக்கும் என்று. இது யாருக்குத் தேவை என்று ஒருவர் கேட்டார். எனக்கு என்று பதில் எழுதினேன். போன வருடம் வந்த புதுப் பதிப்பில் அது வந்துவிட்டது. நண்பர் பழைய பதிப்பையே வைத்திருந்தார். புதுசு எதற்கு, இருக்கிறதே ஓடுகிறதே என்பது அவர் கட்சி.

*

மாசியில் சமயபுரம் பூச்சொரிதல். கூட்டத்தில் காணாமல் போனவர்களைப் பற்றிய செய்திகளை ஒரு பந்தலில் இருந்து இன்னொரு பந்தலுக்குச் சொல்ல எங்கள் குழு வருடாவருடம் போகும். அதற்கென்று நாற்பத்தேழாவது, நாற்பத்தெட்டாவது சேனல்களை ஒதுக்கியிருக்கிறேன். எங்கே பந்தல் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அவற்றை மட்டும் மாற்றி எழுத வேண்டும். எல்லோருடைய செட்டும் என் மேசைக்கு வரும். ஒவ்வொரு செட்டிலும் சொந்தக்காரரின் அடையாள எண் இருப்பதால் ஒரே கோப்பை எல்லாவற்றிலும் கொட்ட முடியாது. வாசித்து, திருத்தி, அதையே திரும்ப எழுதிவிட்டு, கடைசியில் சேனல் மாற்றும் திருகியைச் சுற்றி ஒன்றில் இருந்து நாற்பத்தெட்டு வரை வருகிறதா என்று பார்ப்பேன். இதுதான் என் முறை. குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்துச் செட்டுகளும் மேசையில் வரிசையாக இருந்தன. ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள், மார்க்கெட்காரர், லால்குடிக்காரர் எல்லோருடையதையும் சேர்த்து நண்பரே ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து முந்தின நாள் வைத்துவிட்டுப் போயிருந்தார். தனியாக வந்தது ஒன்றுதான்: பச்சைமலை அடிவாரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் பெண் ஒருவருடையது. போன மாதம்தான் குழுவில் சேர்ந்தவர். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்து வந்து கொடுத்தார்.

முதலில் நண்பரின் செட்டைச் செருகினேன். வாசித்து முடிந்தது. அடிவரியில் 49 என்று இருந்தது.

நான் போட்டது நாற்பத்தெட்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பட்டியலின் கடைசி வரியில், ஆங்கில எழுத்தில் 'காபி' என்று ஒரு சேனல். எங்கள் ரிப்பீட்டரின் அலைவரிசை. இரண்டாவது ஸ்லாட். எனக்குத் தெரியாத ஒரு குழு எண்; அந்த எண் இல்லாத செட்டில் விளக்கு எரியும், பேச்சு கேட்காது. பேசும் நேர வரம்பு என்ற கட்டத்தில் 'இல்லை'.

செட்டைக் கையில் எடுத்துத் திருகியைச் சுற்றினேன். நாற்பத்தெட்டுக்கு அடுத்தது மறுபடி ஒன்று. 'காபி' வரவில்லை.

திருகியில் வர வேண்டுமானால் சேனல் ஒரு ஜோனில் இருக்க வேண்டும். ஜோன் என்பது சேனல்களைக் கட்டிவைக்கும் கட்டு. கட்டில் இருந்து உருவிவிட்டால் திருகிக்குக் கிட்டாது. ஆனால் பட்டியலில் அப்படியே இருக்கும். வேண்டும்போது ஒரு சொடுக்கில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். இதை ஏழு மாத வாசிப்புகளில் நாற்பதாவதோ நாற்பத்தோராவதோ செய்தபோது நாங்கள்தான் கண்டுபிடித்தோம். நண்பர் அன்று, "பெருமாளுக்குத் திரை போட்ட மாதிரி. உள்ளேதான் இருக்கார், சேவைதான் கிடையாது" என்றார்.

அடுத்த செட்டை எடுத்தேன். 49. அடுத்தது. 49. கேபிளின் முனையை இரண்டு தடவை தப்பாகச் செருகினேன். நாலாவது, ஐந்தாவது. மனைவி வந்து, சாப்பிட வரலையா, மணி ஒன்று ஆகிறது என்றாள். பொறு என்று விரலைக் காட்டினேன். ஒன்பது செட்டில் 49. ஆசிரியையின் புதுச் செட்டில் மட்டும் 48. என்னுடையதில் 48.

எல்லா ஒன்பதிலும் 'காபி' இருந்தது. எல்லா ஒன்பதிலும் அது ஜோனில் இருந்து உருவப்பட்டிருந்தது. மஞ்சள் பையில் போடுவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செருகி, ஒன்பது முறை இதைச் செய்திருக்கிறார். அவருடைய செட்டைச் சேர்த்து.

என்ன நடந்திருக்கிறது என்று புரியப் பெரிய அறிவு வேண்டாம். ஏழரைக்கு நான் நெட்டை முடிக்கிறேன். அவர்கள் ஒன்பது பேரும் திருகியை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, நான் அவசரத்துக்கென்று காலியாக வைத்த இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். என் மேசையில் பச்சை விளக்கு எரிகிறது. அதைக் காட்டி நான் கேட்டபோது நண்பர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தார்.

அவர் வந்து மூன்று முறை பிடித்ததில் ஏதோ ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. மனைவி எதிரில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். "அவர் உங்களுக்குப் பயந்திருக்காருங்க" என்றாள். எனக்குப் பயப்படுகிறவர் எதற்காக என்னைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற்றினார் என்று கேட்டேன். அவள் என் தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

*

மறுநாள் மார்க்கெட்காரரின் செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட் போனேன். வெங்காய மண்டி வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்குள். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர், விலையைத் தவிர. மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு டீ சொன்னார். செட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "காபி சேனல்ல சிக்னல் எப்படி வருது?" என்று கேட்டேன்.

அவர் செட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவரிடம் ஏதோ ஒரு வேலை சொல்லி அனுப்பிவைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார். "உங்க நெட்டுல பேசறது பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா கட் ஆயிடுது. கார்த்திகை மாசம் என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னு சொல்ல வந்தேன். ஞாபகம் இருக்கா? நீங்க என்ன சொன்னீங்க?"

ஞாபகம் இல்லை என்றேன்.

"சிக்னல் அஞ்சுக்கு அஞ்சு, அடுத்த ஸ்டேஷன்னீங்க." அவர் சிரித்தார், குத்தலாக இல்லை. "அன்னைக்கு நாங்க அந்தப் பக்கம் போனோம். மணிக்கணக்கா பேசினாங்க எல்லாரும். லால்குடிக்காரர் ரத்தம் குடுக்க வந்தாரு. சாமிதான் சேனல் போட்டுக் குடுத்தாரு, தீபாவளிக்கு முன்னாடியே. சார்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன், நீங்க யாரும் வாயைத் திறக்காதீங்கன்னாரு. நாங்க அவர் சொல்லிட்டாருன்னே ரொம்ப நாள் நினைச்சோம்."

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். கார்த்திகை. அவருடைய கால் சைன். பக்கத்தில் 5/5. வேறு ஒன்றும் இல்லை. என் கையெழுத்துதான்.

அதற்காக நான் வருந்துகிறேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன். ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது. நான் அவரை ஒரு காலைநேரம் கேட்காமல் விட்டேன், தெரியாமல். என்னை ஒருவர் மாதக்கணக்கில் தெரிந்தே ஏமாற்றினார், ஏணியிலும் ஏற்றினார். இரண்டையும் ஒரே பத்தியில் எழுத என் கை வரவில்லை.

மேசையில் மற்ற ஒன்பது செட்டுகளும் கிடந்தன. சனிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தால் போதும். ஒரு செட்டுக்கு ஒரு நிமிடம் நாற்பது வினாடி. மார்க்கெட்காரரின் செட்டுக்கு மறுபடி ஒரு நடை போனால் ஆயிற்று. எல்லாம் நாற்பத்தெட்டாகிவிடும். ஒருவரும் என்னை எதுவும் கேட்க முடியாது. அழிக்கும் பொத்தானின்மேல் விரலை வைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் அந்தச் சேனலை நிதானமாகப் படித்தேன். அதில் ஒரு தப்பு இருந்தது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் செட் தடுக்க வேண்டும். என் நாற்பத்தெட்டிலும் அந்தத் தடுப்பு உண்டு. 'காபி'யில் அதைப் போடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் இரண்டு பேச்சும் உடைந்து, கரகரப்பு மட்டும் கேட்கும். இருபத்து நாலு வருடம் என்னோடு பழகியவர் இதைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். எத்தனை நாள், எத்தனை பேச்சு இப்படி உடைந்ததோ.

ஒன்பது செட்டிலும் அந்தத் தடுப்பைப் போட்டேன். ஜோனில் 'காபி'யைத் திரும்பச் சேர்த்தேன், திருகிக்குக் கிட்டும்படி. பேசும் நேர வரம்பு 'இல்லை' என்றிருந்ததை நான் தொடவில்லை. ஆசிரியையின் செட்டிலும் அந்தச் சேனலை எழுதினேன்; எல்லோருக்கும் இருப்பது அவருக்கு மட்டும் இல்லாமல் இருப்பது சரியில்லை. மார்க்கெட்டுக்கு மறுபடி பஸ் ஏறிப் போய் அந்தச் செட்டையும் வாங்கிச் சரிசெய்து கொடுத்தேன். பத்துச் செட், பத்து 49. என்னுடையதைச் செருகவே இல்லை.

*

பூச்சொரிதல் நல்லபடி முடிந்தது. நானும் நண்பரும் வெவ்வேறு பந்தல்களில் இருந்தோம். கால் சைன், செய்தி, கால் சைன். அவ்வளவுதான் பேசினோம். காணாமல் போனவர்கள் பதினான்கு பேர், பதினான்கு பேரும் கிடைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நண்பர் வீட்டுக்கு வந்தார். பாலத்தில் நெரிசல், பஸ் ஊர்ந்து வந்தது என்றார். மனைவி காபி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"நாப்பத்தொன்பதுல தடுப்பு போட்டது நீங்கதானே?"

"ஆமா. உங்களுக்கு அது போடத் தெரியும்னு நினைச்சிருந்தேன்."

"கண்டுபிடிச்சுடுவேள்னு தெரியும் சார்" என்றார். "அதுக்குத்தான் அழிக்காம, ஜோன்லேர்ந்து மட்டும் எடுத்துவெச்சேன். வாயால சொல்ல வரலை. நீங்களே பாத்துண்டா தேவலைன்னு..."

அவர் நல்ல மனிதர். அதனால் பொய் அவருக்குச் சரியாக வரவில்லை.

"ஒன்பது செட்லயும் எடுத்தீங்களே சாமி. நான் பாக்கணும்னா ஒண்ணுல விட்டிருக்கலாமே."

அவர் மேசையைப் பார்த்தார். அதே மேசைதான். அவர் உட்கார்ந்திருந்ததும் அதே பக்கம்தான்.

"ஏணி விஷயத்தையாவது சொல்லுங்க" என்றேன்.

"அன்னிக்குச் சொல்லிடணும்னுதான் வந்தேன். ப்ரமாணமா. நீங்க மளமளன்னு ஏறிட்டேள்."

"நான் இறங்கவும் செஞ்சேன். ஆறு தடவை ஏறினா ஆறு தடவை இறங்கியிருக்கேன்."

காபியில் ஆடை படிந்தது. எழுந்திருக்கும்போது, "உங்க செட்டைக் குடுங்கோ, அதுலயும் போட்டுத் தரேன். எல்லாரும் கேக்கறா" என்றார். எல்லோரும் கேட்கிறார்கள் என்பது உண்மையாகக்கூட இருக்கலாம். எனக்கு இப்போது அவர் சொல்வதில் எது கடிகாரம், எது இல்லை என்று பிரிக்கத் தெரியவில்லை. என்னுடையது நாற்பத்தெட்டு, அதுவே போதும் என்றேன். வாசல் வரை போனேன். செருப்பு மாட்டும்போது தடுமாறினார். தோளைப் பிடித்துக்கொண்டேன். அது பழக்கத்தில் செய்தது.

நெட் நடக்கிறது. இப்போது ஏழு இருபதுக்கே முடித்துவிடுகிறேன். பத்துப் பேரும் தவறாமல் வருகை சொல்கிறார்கள், நண்பரும்தான். "குட் மார்னிங் சார்" என்பார், நான் சிக்னல் சொல்வேன். ஏழு இருபத்திரண்டுக்குப் பச்சை விளக்கு எரியும். நேற்று நாற்பத்தோரு நிமிடம் எரிந்தது. முன்பு நடுவில் பொட்டுப் பொட்டென்று அணைந்து எரியும். இப்போது தடுப்பு இருப்பதால் ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசுகிறார்கள் போல, சீராக எரிகிறது. காரணம் என்ற கட்டத்தை நான் காலியாக விடுகிறேன்.

இன்று காலை நெட் முடிந்து எல்லோரும் போன பிறகு, முதல் சேனலிலேயே ஒரு குரல் வந்தது. பச்சைமலை ஆசிரியை. அங்கேயிருந்து எங்கள் ரிப்பீட்டருக்கு எட்டுவதே பெரிய காரியம்.

"சார், எல்லாரும் அந்தப் பக்கம் இருக்காங்க. நீங்க வரலையா?"

என் செட்டில் அந்தச் சேனல் இல்லை என்றேன்.

"எங்க எல்லாருக்கும் நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? உங்களுக்கு ஏன் சார் இல்லை?"

பொத்தானை அழுத்தினேன். வரம்பு இரண்டு நிமிடம். அதில் பாதிக்கு மேல் சும்மாவே போயிற்று என்று நினைக்கிறேன். இன்று முதல்முறையாக நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு, உங்கள் சிக்னல் நன்றாக வருகிறது, ஐந்துக்கு ஐந்து என்று சொன்னேன்.